வீடற்றவர் என்றால் யார்? 'வீடிலி' என்றும் சொல்லலாமா?

இன்றிரவு கதவைச் சாத்திக்கொண்டு படுக்கத் தனக்கென ஓர் இடம் இல்லாதவர்தான் வீடற்றவர். நடைபாதையில் தூங்குபவர் மட்டுமில்லை, இரவுக் காப்பகத்தில் பாய் விரிப்பவரும், நண்பர் வீட்டுக் கூடத்தில் 'இன்னும் நாலே நாள்' என்று பையை மூலையில் வைத்துக்கொண்டு காலம் தள்ளுபவரும்கூடப் பல வரையறைகளில் இதில் சேருவார்கள். 'அற்ற' என்றால் இல்லாத, 'இலி' என்றால் இல்லாதவர். ஆக வீடிலிக்கும் அதே பொருள்தான். தலைப்புச் செய்திக்கு அது கச்சிதம், ஆனால் ஆளைப் பார்த்துச் சொன்னால் முத்திரை குத்தியது போல இருக்கும், காய்ச்சல் வந்தவரைக் 'காய்ச்சல்காரர்' என்றே கூப்பிடுவது மாதிரி. நிலைமை மாறக்கூடியதுதானே, அதனால் நான் 'வீடில்லாமல் இருப்பவர்' என்றே எழுதுவேன்.

அப்புறம், வாடகை வீட்டில் குடியிருப்பவர் சொந்த வீடு இல்லாதவர்தானே தவிர வீடற்றவர் இல்லை.