வலி மணிக்கட்டில், இறுக்கம் முன்கையில்

கேள்வி: நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் வேலை. சாயங்காலம் ஆனால் மணிக்கட்டு இறுகிப்போய் விரலை மடக்கவே கஷ்டமாக இருக்கிறது. தைலம் போட்டு மணிக்கட்டைத் தேய்த்தால் அரை மணி நேரம் சுகம், அப்புறம் பழைய கதைதான். என்ன தப்பு செய்கிறேன்?

பதில்: தேய்க்கிற இடம்தான் தப்பு. விரல்களுக்குள் அவற்றை மடக்கி நீட்டும் தசை கிடையாது. அந்த வேலையைச் செய்யும் பெரிய தசைகள் முன்கையில், முழங்கையை ஒட்டி இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மட்டும் கயிறு மாதிரி மணிக்கட்டைத் தாண்டி விரலுக்கு வருகின்றன. சந்தேகமிருந்தால் இடது முன்கையின் மேல்புறத்தை, முழங்கைக்குச் சற்றுக் கீழே பிடித்துக்கொண்டு, இடது கை விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். பிடித்த கைக்கு அடியில் தசை புரளும். மணிக்கட்டைத் தேய்க்கிறபோது கயிற்றைத்தான் தேய்க்கிறீர்கள், இழுக்கிறவனை விட்டுவிட்டீர்கள்.

மேசையில் துண்டை மடித்துப் போட்டு, உள்ளங்கை கீழே பார்க்க முன்கையை வையுங்கள். மணிக்கட்டும் கையும் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். எண்ணெய் 2, 3 சொட்டு போதும். முதல் 1 நிமிடம் வெறுமனே நீவிச் சூடாக்குங்கள். பிறகு மற்றொரு கையின் உள்ளங்கை அடிப்பகுதியால் மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி உருவி விடுங்கள். ஒரு தடவை உருவ 8 முதல் 10 விநாடி ஆக வேண்டும். வேகமாக உருவினால் தோல்தான் நகரும், தசைக்கு எதுவும் போய்ச் சேராது. இப்படி 5, 6 தடவை.

வழியில் கயிறு முறுக்கிய மாதிரி ஓர் இடம் தட்டுப்படும், பெரும்பாலும் முழங்கை எலும்பு முனைக்கு 2, 3 விரற்கடை கீழே. மணிக்கட்டை மேலே தூக்கிக்கொண்டு அந்த இடத்தை அழுத்திப் பிடியுங்கள். அழுத்தத்தை விடாமல் மணிக்கட்டை மெதுவாகக் கீழே இறக்குங்கள். தசை உங்கள் விரலுக்கு அடியில் நீள்வது தெரியும். 4 தடவை போதும். வலிக்குப் பத்துக்கு மார்க் போட்டால் ஐந்தைத் தாண்டக் கூடாது. பல்லைக் கடித்தால் தசையும் சேர்ந்து இறுகிக்கொள்ளும்.

கையைத் திருப்பி உட்புறமும் இதேபோல உருவுங்கள், ஆனால் இன்னும் மென்மையாக. கடைசியில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையைக் கவ்விப் பிடித்து 20 விநாடி. மவுஸ் பிடிக்கிறவர்களுக்கும் போனில் டைப் அடிக்கிறவர்களுக்கும் இங்கேதான் உயிர் போகும். ஒரு கைக்கு மொத்தம் 5 நிமிடம்.

கேள்வி: வீட்டில் எல்லோருக்கும் நான்தான் கை பிடித்து விடுகிறேன். இப்போது என் கட்டைவிரல் வலிக்கிறது.

பதில்: கட்டைவிரல் நுனியால், அதுவும் மூட்டு பின்பக்கம் வளைய, அழுத்துகிறீர்கள். அந்தச் சின்ன மூட்டு இதற்கானது இல்லை. உள்ளங்கை அடிப்பகுதி அல்லது மடக்கிய விரல்களின் முட்டிகளைப் பயன்படுத்துங்கள். முழங்கையை அதிகம் மடக்காமல் உடம்பை முன்னால் சாய்த்தால் அழுத்தம் தானாக வரும். எண்ணெயையும் குறையுங்கள். வழுக்க வழுக்க இன்னும் இறுக்கிப் பிடிக்கத் தோன்றும், அதுவும் உங்கள் கைக்குத்தான் கேடு.

கேள்வி: ராத்திரி கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது. மணிக்கட்டின் உட்புறத்தை நன்றாக அழுத்தி விடலாமா?

பதில்: வேண்டாம். அங்கே எலும்புகளுக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் நடுவே உள்ள குறுகலான பாதையில் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. நீங்கள் சொல்லும் விரல்களுக்கு உணர்வு தருவது அந்த நரம்புதான். ஏற்கெனவே நெரிபடுவதை மேலும் நெரிக்கக் கூடாது. முன்கைச் சதையை நீவலாம். தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் நேராக வைக்கும் பட்டை கட்டிக்கொள்ளலாம். டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பொருள் கை நழுவி விழுகிறது, கட்டைவிரல் அடிச்சதை வற்றுகிறது என்றால் உடனே போக வேண்டும். சுண்டு விரல் பக்கம் மரத்தால் அது வேறு நரம்பு. முழங்கையில் இடித்துக்கொண்டால் ‘சுர்’ரென்று ஷாக் அடிக்குமே, அந்தப் பள்ளம் வழியாக வருகிறது. அங்கேயும் விரல் வைக்காதீர்கள்.

கேள்வி: ஒத்தடம் மசாஜுக்கு முன்பா, பின்பா?

பதில்: முன்பு, 10 நிமிடம். வீங்கிச் சூடாக இருக்கிற கைக்கு ஒத்தடமும் கிடையாது, மசாஜும் கிடையாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு லேசாக நீவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அழுத்தினால் கன்றிப்போகும்.