வாசகர் கேள்வி-பதில்: விண்வெளியின் மௌனமும் ஒற்றனின் பொய்யும்

கேள்வி: விண்வெளிப் படங்களில் கப்பல் வெடிக்கும்போது சத்தம் கேட்கக் கூடாது என்று என் நண்பர் வாதிடுகிறார். பொழுதுபோக்குக்காகப் பார்க்கும் படத்தில் இவ்வளவு இயற்பியல் பார்க்கத்தான் வேண்டுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சரி. ஒலி பரவுவதற்குக் காற்று போன்ற ஓர் ஊடகம் வேண்டும். விண்வெளியில் அது இல்லை. ஆனாலும் இயற்பியல் வாத்தியாராக உட்கார்ந்து மதிப்பெண் போடுவதற்காக நான் படம் பார்ப்பதில்லை. ஒரு படம் தன் உலகத்துக்கு என்ன விதியை வகுத்துக்கொள்கிறதோ, அந்த விதிக்குக் கடைசிவரை கட்டுப்படுகிறதா என்பதையே பார்க்கிறேன்.

மனிதன் நிலவில் கால் வைப்பதற்கு முந்தைய ஆண்டு, அதாவது 1968இல், ஸ்டான்லி குப்ரிக் எடுத்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யை எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கவசம் இல்லாமல் வெளியே மாட்டிக்கொண்ட போமன் என்ற வீரர், தன் சிறு கலத்தின் கதவை வெடிக்கச் செய்து, தாய்க்கப்பலின் காற்றடைப்பு அறைக்குள் பாய்கிறார். கதவு பிய்த்துக்கொண்டு போகிறது, புகை சுழல்கிறது, அவர் உடல் இங்கும் அங்கும் மோதுகிறது. இத்தனைக்கும் அரங்கில் ஒரு சிறு ஒலிகூட இல்லை. அவர் நெம்புகோலை எட்டிப் பிடித்து இழுத்து, அறைக்குள் காற்று நிரம்பத் தொடங்கும் கணத்தில்தான் இரைச்சல் நம் காதில் வந்து அறைகிறது. எந்த வெடிச்சத்தமும் தர முடியாத பதற்றம் அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. விதிக்குக் கட்டுப்பட்டதால்தான் குப்ரிக்குக்கு இப்படி ஒரு காட்சி கிடைத்தது.

கேள்வி: ஜேம்ஸ் பாண்ட் படங்களை விட்டுவிட்டு, மெதுவாக நகரும் ஒற்றர் படங்களையே பரிந்துரைக்கிறீர்களே, ஏன்?
– வாசகர், சேலம்

பதில்: பாண்ட் படங்களை நானும் விரும்பிப் பார்ப்பவன்தான். 1962இல் ‘டாக்டர் நோ’வில் ஷான் கானரி தொடங்கிவைத்த அந்த வரிசை, நல்ல சாகசப் படங்களின் வரிசை. ஆனால், போகும் இடமெல்லாம் தன் சொந்தப் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்பவனை ஒற்றன் என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை. யாரும் ஐயுறாத உருவம், எவர் பார்வைக்கும் அஞ்சாத உறுதி, எந்நிலையிலும் உள்ளத்தில் உள்ளதை வெளியிடாத திறன் ஆகியவற்றையே ஒற்றனின் இலக்கணமாக ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார்.

அந்த இலக்கணத்தோடு, அதற்கு ஒரு மனிதன் கொடுக்க வேண்டிய விலையையும் சேர்த்துக் காட்டுவது, 1965இல் மார்ட்டின் ரிட் இயக்கிய ‘த ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்’. பிரிட்டிஷ் உளவுத்துறையில் பணியாற்றிய ஜான் லெ காரேயின் நாவல் அது. ரிச்சர்ட் பர்ட்டன் நடித்த லீமஸ் என்ற பிரிட்டிஷ் ஒற்றன், குடித்துச் சீரழிந்து, கடன் தர மறுக்கும் மளிகைக்கடைக்காரரை அடித்துவிட்டுச் சிறைக்குப் போகிறான். எதிர்த்தரப்பு தன்னை விலைக்கு வாங்க முன்வர வேண்டும் என்பதற்காக அவன் போடும் வேடம் இது. ஆனால் பர்ட்டனின் முகத்தைப் பார்த்தால், அந்தக் கசப்பில் எவ்வளவு வேடம், எவ்வளவு நிஜம் என்று பிரிக்க முடியவில்லை. அவனுக்கே அது தெரியுமா என்ற சந்தேகமும் வருகிறது. இதைக் காட்டுவதற்குப் படம் நிதானமாக நகர்ந்துதான் ஆக வேண்டும்.

கேள்வி: அறிவியல் புனைகதை, ஒற்றர் கதை ஆகிய இரண்டையும் ஒரே மூச்சில் பேசுகிறீர்கள். இவற்றுக்குள் என்ன உறவு?
– வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: முன்னர்ச் சொன்ன குப்ரிக் படத்திலேயே விடை இருக்கிறது. ஹால் என்ற கணினியின் மீது ஐயம் கொண்ட வீரர்கள் இருவரும், அது கேட்காதபடி சிறு கலத்துக்குள் கதவை அடைத்துக்கொண்டு பேசுகிறார்கள். காட்சியின் முடிவில், கண்ணாடிக்கு அப்பால் அவர்களுடைய உதடுகள் அசைவதை மட்டும் படம் காட்டுகிறது, பேச்சு நமக்குக் கேட்பதில்லை. கணினி உதடுகளைப் படித்துக்கொண்டிருக்கிறது என்று நமக்குப் புரியும்போது முதுகு சில்லிடுகிறது. அது முழுக்க முழுக்க ஓர் ஒற்றர் படக் காட்சி.

மறுபக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்து சேரும் படம், பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் ‘த கான்வர்சேஷன்’. சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில், மதிய நேரக் கூட்டத்தின் நடுவே உலாவும் இருவரின் பேச்சைத் தொலைவிலிருந்து பதிவு செய்யும் வல்லுநராக ஜீன் ஹேக்மன் நடித்தார். அவர் நாடாவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, இரைச்சலுக்குள் புதைந்த ஒரு வாக்கியத்தை மீட்டெடுக்கிறார். கருவி அவருக்கு ஒவ்வொரு சொல்லையும் துல்லியமாகக் கொடுத்துவிடுகிறது. அந்தச் சொற்களின் உட்பொருளைக் கருவியால் கொடுக்க முடியவில்லை. படம் 1974 ஏப்ரலில் வெளிவந்தது. ஒலிநாடாக்களால் சிக்கிய அமெரிக்க அதிபர் நிக்சன் அதே ஆண்டு ஆகஸ்டில் பதவி விலகினார். நான் பார்த்த ஒற்றர் படங்களில் இதற்கே முதலிடம் தருவேன்.

கேள்வி: ‘ஆர்கோ’ படத்தில் வருவதெல்லாம் உண்மையா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: அடிப்படை உண்மை. 1979 நவம்பரில் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது தப்பிய ஆறு பேருக்குக் கனடா தூதரகத்தார் அடைக்கலம் கொடுத்தார்கள். அறிவியல் புனைகதைப் படம் ஒன்றுக்கு இடம் பார்க்க வந்த குழுவினராக வேடமிடச் செய்து, 1980 ஜனவரியில் சி.ஐ.ஏ. அதிகாரி டோனி மெண்டஸ் அவர்களை விமானமேற்றி அழைத்து வந்தார். ஆனால் ஓடுபாதையில் வண்டிகள் விமானத்தைத் துரத்தும் காட்சி நடக்காத ஒன்று. அது இல்லாமலேயே, விமான நிலையத்தில் கடவுச்சீட்டை நீட்டிவிட்டு நிற்கும் அந்த ஆறு முகங்கள் போதுமானவையாக இருந்தன. கனடாவின் பங்கைப் படம் குறைத்துக் காட்டியதும் நியாயமில்லை.

கேள்வி: தமிழில் இந்த வகைப் படங்கள் தேறவே இல்லையா?
– வாசகி, மதுரை

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. 1963இலேயே ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகவாசிகள் நம் ஊருக்கு வந்து, தங்களிடம் இல்லாத கலையைக் கற்பிக்கப் பானுமதியைக் கொண்டுபோனார்கள். சுஜாதாவின் எழுத்தில் 1986இல் வந்த ‘விக்ரம்’, காணாமற்போன ஏவுகணையைத் தேடும்வரை மிடுக்காகச் சென்று, கற்பனை நாட்டுக்குள் நுழைந்ததும் ராஜா ராணிப் படமாகித் தன் விதியைத் தானே கைவிட்டுவிடுகிறது. என் தேர்வு, ரவிக்குமார் 2015இல் இயக்கிய ‘இன்று நேற்று நாளை’. காலயந்திரம் கையில் கிடைத்த இளைஞர்கள், தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தரும் சோதிடத் தொழிலை அதைக் கொண்டு நடத்துவது நம் மண்ணின் கற்பனை. கடந்த காலத்தில் அவர்கள் கைவைத்ததால், சாக வேண்டிய ரவுடி ஒருவன் பிழைத்து வந்து நிற்கிறான்; அந்தக் கணக்கைப் படம் இறுதிவரை மறப்பதில்லை.

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுடன் பார்க்க ஒரு படம் சொல்லுங்கள்.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: பிராட் பேர்ட் இயக்கிய ‘தி அயர்ன் ஜெயன்ட்’ என்ற 1999ஆம் ஆண்டு அனிமேஷன் படம். வானிலிருந்து விழுந்த ராட்சத எந்திரத்தை ஒரு சிறுவன் மறைத்து வைக்கிறான். அரசாங்க உளவு அதிகாரி ஒருவர் மோப்பம் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே குடிவந்துவிடுகிறார். கதை நடப்பது 1957இல். அந்த அதிகாரிக்கு ஏன் அவ்வளவு பயம் என்று மகள் கேட்டால், அந்த ஆண்டு அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஏவிய ஸ்புட்னிக்கைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள்.