கேமரா படங்களைக் கணினிக்கு மாற்றும்போது ‘இதே பெயரில் ஃபைல் இருக்கிறது’ என்று வந்தால் என்ன செய்வது?

மெமரி கார்டிலிருந்து படங்களை மாற்றும்போது பழைய ஃபைலுக்குப் பதிலாகப் புதியதைப் போடவா என்று கணினி கேட்கிறது என்கிறீர்கள். தயவுசெய்து ‘சரி’ என்று அழுத்திவிடாதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் படம் வேறாக இருக்கலாம், பழையது போய்விடும்.

பெரும்பாலான கேமராக்கள் படத்தின் பெயரில் நான்கு இலக்க எண்தான் போடும். 9999 வந்ததும் மறுபடி 0001. கார்டை மாற்றினாலோ ஃபார்மேட் செய்தாலோ எண்ணை முதலிலிருந்து தொடங்கும் அமைப்பும் பல கேமராக்களில் உண்டு. மெனுவில் அதைத் தேடி, எண் தொடர்ந்து போகும்படி மாற்றிவிடுங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டாமல், ஒவ்வொரு முறையும் ‘2024-03-17 பிறந்தநாள்’ என்பதுபோலப் புது ஃபோல்டர் போடுங்கள். வருடம் முதலில் வரவேண்டும். ‘17-03-2024’ என்று வைத்தால் எல்லா மாதத்து 17-ஆம் தேதிகளும் ஒன்றாகப் போய் நிற்கும். கேமராவின் கடிகாரமும் சரியாக இருக்கட்டும். படம் எடுத்த நேரம் ஃபைலுக்குள்ளேயே பதிவாகிறது. பின்னாளில் தேட அதுதான் கைகொடுக்கும்.

கார்டில் ‘டிசிஐஎம்’ என்ற ஃபோல்டருக்குள் படங்கள் இருக்கும். ‘கட்’ வேண்டாம், ‘காப்பி’ போதும். பாதியில் கேபிள் கழன்றாலும் மூலப்படம் கார்டில் பத்திரமாக இருக்கும். எண்ணிக்கை சரியா என்று பாருங்கள், நாலைந்து படங்களை முழு அளவில் திறந்து பாருங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுத்த பிறகே கார்டை, கேமராவில் வைத்தே, ஃபார்மேட் செய்யுங்கள்.