எல்லையை ஒழுங்காக மூடியிருந்தால் கடலூர், புதுச்சேரியில் கொரோனா பரவியிருக்காதா?

நீங்கள் எல்லையோர ஊரில் இருந்தவர் இல்லை என்று நினைக்கிறேன். எங்கள் வீடு பாகூர் பக்கம். இங்கே இந்த வரப்பு புதுச்சேரி, அடுத்த வரப்பு தமிழ்நாடு. தார்ச்சாலையில் தடுப்பு வைத்தால் ஆட்கள் கழனி வழியாக வந்துவிடுவார்கள்.

2020 ஏப்ரல் கடைசியில் அம்மாவுக்கு இன்சுலின் தீர்ந்துவிட்டது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் கடலூரில்தான். போகும்போது விட்டார்கள், திரும்பும்போது ஒரு சாவடியில் நிறுத்தி நெற்றியில் கருவியை நீட்டினால் காய்ச்சல் காட்டுகிறது. ஒன்றரை மணி நேரம் சித்திரை வெயிலில் வரிசையில் நின்ற நெற்றி வேறு எப்படி இருக்கும்? புளியமர நிழலில் உட்காரவைத்து, முந்தானையை நனைத்துத் துடைத்துவிட்டு, அரை மணி கழித்துக் காட்டினால் சரியாக இருந்தது. அதற்குள் 'அத்தியாவசியப் பொருள்' என்று கண்ணாடியில் தாள் ஒட்டிய லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒன்றில் மூட்டைகள் மேல் நாலு பையன்கள் படுத்திருந்தார்கள், அவர்கள் நெற்றியை யாரும் பார்க்கவில்லை. போலீஸைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், அவர்களும் அதே வெயிலில்தான் நின்றார்கள்.

மே 4-ஆம் தேதி கடலூர் மாவட்டத்தில் மட்டும் 122 பேருக்குத் தொற்று. பெரும்பாலும் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள். மறுநாள்தான் சந்தையை மூடினார்கள். காய்ச்சல் வருவதற்கு முன்பே இந்தக் கிருமி பரவும், அதனால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து அனுப்பும் எல்லை எத்தனை இருந்தாலும் போதாது. வந்தவர்களை 14 நாள் சோறு போட்டுத் தனியே வைத்திருக்க வேண்டும்.

    

எங்கள் தெருப் பையன் ஒருவனும் கோயம்பேட்டிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வந்தான். யாரும் சொல்லாமலே கழனி மோட்டார் கொட்டகையில் 14 நாள் தங்கினான். அவன் அம்மா தூக்குவாளியை வரப்பில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று, அவன் சாப்பிடும் வரை பேசிக்கொண்டிருப்பார். அந்த மாதம் எங்கள் தெருவில் ஒருவருக்கும் வரவில்லை.