வைரல் பாஷை: கேளுங்கள், சொல்கிறேன்

கடைகளுக்கும் சின்ன பிராண்டுகளுக்கும் சோஷியல் மீடியா பேஜ் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு, அதனால் வைரல் பற்றிப் பேசும் இந்த வார்த்தைகளோடுதான் காலையும் இரவும். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சரண்யா: அக்கா, என் ரீல் முப்பதாயிரம் வியூஸ் போயிருக்கு. வைரல்னு சொல்லிக்கலாமா?

சொல்லிக்கொள், யாரும் கேஸ் போட மாட்டார்கள். ஆனால் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் மொத்த எண்ணைப் பார்ப்பதைவிட, உன்னை ஃபாலோ பண்ணாதவர்கள் எத்தனை பேர் பார்த்தார்கள் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இன்ஸ்டாகிராமில் கணக்கு காட்டும் இன்சைட்ஸைத் திறந்தால், ஃபாலோ பண்ணுகிறவர்கள், பண்ணாதவர்கள் என்று பிரித்தே காட்டும். கமென்டிலும் தெரிந்துவிடும். உன் ஆட்கள் மட்டும் பார்த்திருந்தால் 'சூப்பர் டி', நாலு ஹார்ட், அவ்வளவுதான். ஒரு புடவைக் கடை ரீல் நன்றாக ஓடியபோது கமென்ட்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேப்ஷனில் விலை, ஊர், கடை இருக்கும் தெரு எல்லாம் போட்டும் வரிசையாக 'ப்ரைஸ் ப்ளீஸ்', 'ஷாப் எங்க இருக்கு'. நடுவில் ஒருவர் 'இதே சேலை எங்க ஊர்ல பாதி விலை' என்று போட, கடைக்காரரை விட்டுவிட்டு அவருக்குக் கீழே ஒரு கூட்டம் தனியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாதவர்கள் உன் வீட்டு வாசலில் வந்து தங்களுக்குள் அடித்துக்கொண்டால், பிச்சுக்கிச்சு என்று நம்பலாம்.

விக்கி: கேப்ஷன்ல எஃப்ஒய்பி போட்டா ரீச் ஏறுமா?

ஏறாது. அது டிக்டாக் தானே பார்த்து உனக்கு வீடியோ பொறுக்கித் தரும் 'ஃபார் யூ பேஜ்' என்பதன் சுருக்கம். டிக்டாக்கை இந்தியாவில் 2020 ஜூன் 29-இல் தடை செய்தார்கள், அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்தது. ஆப் போனாலும் ஹேஷ்டேக் மட்டும் ரீல்ஸ் பக்கம் குடிவந்துவிட்டது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: வைரஸ் நோய் அல்லவா, அதை எப்படிப் பாராட்டாகச் சொல்ல ஆரம்பித்தார்கள் அம்மா?

நல்ல கேள்வி சார். பரப்புகிறவனுக்கே தெரியாமல் பரவுவதுதான் இதில் விஷயம். நம் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் சேர்ந்து 1996-இல் ஹாட்மெயில் தொடங்கினார்கள். அதிலிருந்து போகும் ஒவ்வொரு மெயிலின் அடியிலும், இலவச மெயில் வேண்டுமானால் ஹாட்மெயிலுக்கு வாருங்கள் என்று ஒரு வரி தானாக ஒட்டிக்கொள்ளும். மாமாவுக்குக் கல்யாணத் தேதி சொல்லி மெயில் போட்டவர், தானறியாமலே விளம்பரமும் அனுப்பியிருப்பார். ஒன்றரை வருடத்தில் ஒரு கோடிப் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். அதில் பணம் போட்ட முதலீட்டாளர்கள் அதற்கு வைரல் மார்க்கெட்டிங் என்று சொல்லிப் பிரபலமாக்கினார்கள். அப்போதே அது பெருமையான வார்த்தைதான்.

அருண், டெவலப்பர்: 'ஹக் ஆஃப் டெத்' வைரல்ல சேருமா?

சேரும், ஆனால் அது அடி வாங்கினவர் பக்கத்திலிருந்து வரும் வார்த்தை. ரெடிட் என்ற விவாதத் தளத்தில் யாரோ ஆசையாக ஒரு சின்ன வெப்சைட் லிங்க்கைப் போடுவார்கள், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போய்ப் பார்க்க, சர்வர் படுத்துவிடும். அன்பாகக் கட்டிப்பிடித்தே ஆளைக் கொன்ற கதை. இதற்கு முந்தைய தலைமுறை 'ஸ்லாஷ்டாட் எஃபெக்ட்' என்றது, ஸ்லாஷ்டாட் என்ற தளம் 1997-இல் வந்தது. இந்தப் பாஷையைக் கற்றுக்கொள்ளும் யாரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: எந்த வார்த்தை சொன்னாலும், அது ஜெயித்தவன் சொல்வதா, மாட்டினவன் சொல்வதா என்று பாருங்கள்.

நிவேதா, கல்லூரி மாணவி: மெயின் கேரக்டர், ரேஷியோ, மில்க்‌ஷேக் டக். மூணுக்கும் வித்தியாசம் ப்ளீஸ்!

மூன்றுமே மாட்டினவன் பக்கம்தான். லைக்கைவிட ரிப்ளை எகிறினால் ரேஷியோ, அதாவது ஊரே திட்ட வந்திருக்கிறது. 2017 ஏப்ரலில் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து ஒரு பயணியை இழுத்துப்போட்ட பிறகு அந்த நிறுவனம் போட்ட ட்வீட் வாங்கியது அதற்குப் பெரிய உதாரணம். ஊரே சேர்ந்து கலாய்க்கும் அன்றைய ஆள்தான் மெயின் கேரக்டர்; ட்விட்டரில் தினம் ஒருவர் மெயின் கேரக்டர் ஆவார், அது நீயாக இருந்துவிடாதே என்று 2019-இல் ஒருவர் எழுதியது அப்படியே நிலைத்துவிட்டது. நம் ஊரில் 'ஆளு கன்டென்ட் ஆயிட்டாரு' என்கிறோமே, அதேதான். அவர் முகம் டெம்ப்ளேட் ஆகிவிட்டால் இன்னும் மோசம், அடுத்த வருடப் பொங்கல் மீம் வரைக்கும் வரும்.

மில்க்‌ஷேக் டக் எனக்குப் பிடித்தது. 2016-இல் ஓர் ஆஸ்திரேலிய கார்ட்டூனிஸ்ட் போட்ட நகைச்சுவை ட்வீட். மில்க்‌ஷேக் குடிக்கும் வாத்தை ஊரே கொஞ்சுகிறது, ஐந்து நொடியில் அந்த வாத்து இனவெறி பிடித்தது என்று தெரியவருகிறது. திடீரென்று ஃபேமஸ் ஆனவரின் பழைய பதிவைத் தோண்டி எடுத்துக் கவிழ்ப்பதற்கு இந்தப் பெயர். ஆஸ்திரேலியாவின் மக்குவாரி அகராதி 2017-க்கான வார்த்தையாக இதைத்தான் தேர்ந்தெடுத்தது.

பாலாஜி: நேசமணியை யார் திட்டம் போட்டு ட்ரெண்ட் பண்ணாங்க?

அப்படி யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை, நேசமணியைத் தவிர. சிவில் இன்ஜினியரிங் பேஜ் ஒன்றில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். நம் ஆள் ஒருவர் போய் சுத்தியல் என்று சொல்லிவிட்டு, இதுதான் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் மண்டையை ஜமீன் அரண்மனையில் உடைத்தது, பாவம் மனுஷன் என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சேர்த்துவிட்டார். 2001-இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த பாத்திரம்தான் இந்த நேசமணி. இன்னொருவர் 'இப்போ எப்படி இருக்கார்' என்று அக்கறையாகக் கேட்க, பிடித்தது தீ. மோடி இரண்டாம் முறை பதவியேற்ற அதே வாரம், 2019 மே கடைசியில், உலக ட்ரெண்டிங்கில் நேசமணிக்குப் பிரார்த்தனை. வடநாட்டுக்காரர்கள் நிஜமாகவே யார் இவர் என்று விசாரித்தார்கள். யாருக்கும் வலிக்காத வைரல் இப்படி எப்போதாவதுதான் வாய்க்கிறது.

ஹேமா, கே-பாப் ரசிகை: பழைய பாட்டு திடீர்னு ஓடினா என்ன சொல்லணும் அக்கா?

உனக்கே தெரிந்திருக்குமே, கொரியர்கள் 'யோக்ஜுஹேங்' என்பார்கள், எதிர்த்திசையில் ஓடுவது. பிரேவ் கேர்ள்ஸ் என்ற பெண்கள் குழுவின் 'ரோலின்' பாட்டு 2017-இல் வந்து யாரும் கண்டுகொள்ளாமல் போனது. 2021-இல் ராணுவ முகாம்களில் அவர்கள் பாடியதையும் சிப்பாய்கள் ஆடிய ஆட்டத்தையும் தொகுத்து யூடியூபில் ஒருவர் போட, பாட்டு நாலு வருடம் கழித்து முதலிடத்துக்குப் போனது. நாம் 'ரீ-ட்ரெண்டிங்' என்று சொல்லிச் சமாளிக்கிறோம்.

பேக்கரி வைத்திருப்பவர்: வைரலா ஒரு வீடியோ பண்ணித்தர எவ்வளவு மேடம் ஆகும்?

வீடியோவுக்கு ரேட் சொல்வேன், வைரலுக்குச் சொல்ல மாட்டேன் சார். கியாரன்டி தருகிறேன் என்று வருகிறவர் வியூஸை விலைக்கு வாங்கிப் போடுவார், அந்த வியூஸ் பன் வாங்க வராது. வீடியோ எடுக்கிறதென்றால் அடுப்பிலிருந்து தட்டு வெளியே வரும் நேரத்தைச் சொல்லுங்கள், அப்போது வருகிறேன்.