சக ஆதரவாளர் மனநல மருத்துவருக்கு மாற்றா?

பினாங்கு மனநல மையத்தில் உங்கள் தம்பியுடன் பேசும், நோயிலிருந்து மீண்டவரான சக ஆதரவாளர், மருத்துவருக்கு மாற்றா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றல்லர். நோயைக் கணிப்பதும் மருந்தின் அளவைத் தீர்மானிப்பதும் மருத்துவரின் பொறுப்பு. மனநிலையைச் சீராக்கும் லித்தியம் மருந்தை உட்கொள்பவருக்கு இரத்தப் பரிசோதனை ஏன் தேவை என்பதை மருத்துவர் விளக்குவார். அம்மருந்தால் விரல்கள் நடுங்கிய நாள்களில் கோப்பிக் கடையில் நாலு பேர் முன்னால் கோப்பையைத் தூக்கக் கூசியதை, அதை அனுபவித்தவரே சொல்ல முடியும். (நம்மவர்களில் சிலர் கோயில் கோயிலாக அலைந்து களைத்த பிறகே சிகிச்சைக்கு வருவதால், ஆதரவாளருடன் தமிழில் நடக்கும் அந்த இரண்டாவது பேச்சுக்கே நான் கூடுதல் மதிப்பளிப்பேன்.)

சிக்கல் எழுவது இரகசியத்தில்தான். மாத்திரையை நிறுத்திவிட்டதாகத் தம்பி ஆதரவாளரிடம் மட்டும் சொன்னால் என்ன செய்வது? எது இருவருக்குள் நிற்கும், உயிராபத்து போன்ற எது மருத்துவக் குழுவிடம் போகும் என்பதை முதல் சந்திப்பிலேயே தம்பி, ஆதரவாளர், மருத்துவர் மூவரும் பேசி வைப்பது நல்லது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை மலேசியா 2023இல் நீக்கிவிட்டதால், தற்கொலை எண்ணத்தைப் பேச வழக்குக்கு அஞ்ச வேண்டியதில்லை.