சேமிப்பு வளையத்தில் குறுக்கலைவு துணிக்கையின் பாதையை நீட்டுமா?

இலத்திரன்களைக் காந்தங்களால் வளைத்துத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும் கருவியே சேமிப்பு வளையம். அதில் குறுக்காக அலைந்தபடி ஓடும் இலத்திரனுக்குப் பாதை நீளமாகிவிடுவதால், அது சுற்றுக்குச் சுற்றுப் பின்தங்கி, கடைசியில் தன்னோடு ஓடும் இலத்திரன் கூட்டத்தை விட்டே விலகிவிடாதா என்பது கேள்வி. கொழும்பில் பௌதிகவியல் படிப்பிக்கும் எனக்கு மாணவர்களிடமிருந்தும் வந்த ஐயம்தான் இது. விலகிவிடாது; பாதை நீளும் என்பதுகூட எப்போதும் உண்மையில்லை.

காலி வீதியில் நேரே போகும் பேருந்தைவிட, இடைவெளி கண்ட இடமெல்லாம் நுழையும் முச்சக்கரவண்டி சற்றுக் கூடுதலாக ஓடுகிறது. இலத்திரனுக்கும் அப்படியே: ஒரு மீற்றருக்கு ஏற்படும் நீட்சி, சரிவுக் கோணத்தின் (நேர்ப்பாதையிலிருந்து திசை விலகும் கோணத்தின்) வர்க்கத்தில் பாதி. வர்க்கம் என்பதால் இடப்பக்கச் சரிவும் வலப்பக்கச் சரிவும் ஒன்றையொன்று ஈடுசெய்வதில்லை. 100 மீற்றர் சுற்றளவுள்ள வளையத்தில் கோணத்தின் வீச்சம் எங்கும் 1 மில்லிரேடியன் என்று கொண்டால், சுற்றொன்றுக்குச் சராசரியாக 25 மைக்ரோமீற்றர் கூடும். வளைவுக் காந்தங்களில் வெளிப்பக்கம் போனால் நீள்வதும் உட்பக்கம் போனால் குறுகுவதுமான முதற்படி விளைவு, பல சுற்றுகளில் தானாகவே அடிபட்டுப் போகும்.

பாடநூலில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் இனித்தான் வருகிறது. குவிக்கும் நால்முனைக் காந்தங்கள், உந்தம் கூடிய துணிக்கையைக் குறைவாகவே வளைப்பதால், அலைவெண் (ஒரு சுற்றில் துணிக்கை அலையும் தடவைகள்) உந்தத்தோடு மாறுகிறது; இம்மாற்ற வீதமே குரோமட்டிசிட்டி. இதைத் திருத்த வைக்கும் அறுமுனைக் காந்தத்தின் உதை இடப்பெயர்ச்சியின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. ஆகவே அலையும் துணிக்கைக்கு அது சராசரியில் பூச்சியமாகாமல், சுற்றுப்பாதையையே சற்று உட்பக்கம் தள்ளி, வளைவுகளில் நீளத்தைக் குறைக்கிறது. சரிவால் வரும் நீட்சி, இந்தக் குறைவு இரண்டையும் கூட்டினால், சராசரி நீட்சி = −2π × குரோமட்டிசிட்டி × அலைவின் தாக்கம் (கிடை, நிலைக்குத்துத் திசைகளுக்குத் தனித்தனியே) என்று முடிகிறது. இங்கே தாக்கம் (action) என்பது அலைவு வீச்சத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமான ஓர் அளவு. உந்தத்தால் அலைவெண் மாறுவதும் அலைவால் பாதை மாறுவதும் ஒரே ஹமில்ற்றோனியன் (துணிக்கையின் இயக்கம் முழுவதையும் தீர்மானிக்கும் சார்பு) உறுப்பின் இரு வகையீடுகள் என்பதால் இது தற்செயலான பொருத்தமல்ல. திருத்தாத வளையத்தில் குரோமட்டிசிட்டி எதிர்க்குறியானது, பாதை நீளும். பூச்சியமாகத் திருத்தினால் சராசரி நீட்சியும் பூச்சியம்.

இனித் தாமதம். ஒவ்வொரு சுற்றிலும் மாறுமின்புலத்தால் துணிக்கைக்குச் சக்தியூட்டும் வானொலி மீடிறன் குழியறை அதைத் தன் தாளத்திலிருந்து விலகவிடாது. பாதை நீண்டால் துணிக்கையின் சக்தி குறைந்து, வளைவுகளில் குறுகிய பாதையெடுத்து, மொத்த நேரம் சமமாகிறது. உந்தத்தின் ஒப்பு மாற்றத்துக்குப் பாதை நீளத்தின் ஒப்பு மாற்றம் 0.0001 மடங்காகவே இருக்கும் வளையமொன்றில், மேற்சொன்ன 25 மைக்ரோமீற்றரை ஈடுசெய்ய உந்தம் 0.25 சதவீதம் இறங்க வேண்டும். வளையம் தாங்கும் உந்த விலகல் சில சதவீதமே என்பதால் இது அலட்சியம் செய்யக்கூடிய அளவல்ல. பெரிய வீச்சத்தோடு புதிதாக உட்செலுத்தப்படும் கற்றையில்தான் இது முதலில் தெரியும்.

நடைமுறையில், கற்றையின் தலை-வால் நிலையின்மையை (கூட்டத்தின் முன்பகுதி பின்பகுதியின் அலைவைத் தூண்டிப் பெருக்குவதை) தவிர்க்கக் குரோமட்டிசிட்டியைச் சற்று நேர்க்குறியாகவே வைப்பார்கள். அங்கே அலையும் துணிக்கை, அலையாததைவிடக் குறுகிய பாதையில் ஓடுகிறது.